செப்டிக் டேங்க் கழிவு இறங்கிய வயல்களையும் கணக்கில் எடுங்கள்

நகராட்சி நிர்வாகம், ஊரக வளர்ச்சி, வேளாண்மை - உழவர் நலம் ஆகிய மூன்று துறைகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவைக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் தென்னந்தோப்பும் அதை ஒட்டி ஒரு ஏக்கர் தோட்டமும் வைத்திருக்கும் விவசாயி நான். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் தோப்பு காய்ந்து கிடந்தபோது, செப்டிக் டேங்க் லாரி ஓட்டுபவர் ஒருவர் வந்தார். "தண்ணிக்குத் தண்ணி ஆச்சு, உரத்துக்கு உரம் ஆச்சு. காசு ஒண்ணும் வேண்டாங்க, எறக்கிட்டுப் போயிடறேன்" என்றார். சரி என்றேன். அந்தக் கோடை முழுக்க வாரத்துக்கு இரண்டு, மூன்று லோடு இறங்கியது. மட்டை பச்சை பிடித்தது உண்மை. மொத்தம் எத்தனை லோடு என்று நான் எழுதி வைக்கவில்லை. வீட்டு டேங்கா, ஹோட்டலா, பட்டறையா என்று கேட்கவும் இல்லை. அந்தத் தவறு என்னுடையது. ஆனால் அன்று கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருந்திருக்காது. அதனால்தான் இந்த மடல்.

லாரிக்கு விதிகள் வந்துவிட்டன. 2014இல் மாநில அரசு செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2017இல் ஒன்றிய அரசு தேசியக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. இப்போது உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது, ஜிபிஎஸ் இருக்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் வீட்டுக் குழியில் தொடங்கும் கணக்கு நிலையத்தின் வாசலில் முடிந்துவிடுகிறது. அந்த வாசலுக்கு வராமல் எங்கள் காடு தோட்டங்களில் இத்தனை வருடமாக இறங்கியது எந்தக் கணக்கிலும் இல்லை.

இது உரம்தானே என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் செப்டிக் டேங்க் கழிவை நிலத்தில் பரப்ப 1993 முதல் விதி இருக்கிறது. ஏக்கருக்கு எவ்வளவு ஊற்றலாம் என்பதை, பயிருக்கு எவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) தேவையோ அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். அந்த விதியில் உள்ள வாய்ப்பாட்டின்படி, 6,000 லிட்டர் லோடு ஒன்றில் பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து இரண்டு கிலோவுக்கும் குறைவு. அது நான்கு கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டை சுமார் 267 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், ஒரு லோடின் தழைச்சத்து 24 ரூபாய்! நம்மூரில் பல வருடம் அள்ளாமல் கிடக்கும் டேங்கில் கழிவு கெட்டியாக இருக்கும், அதனால் இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். 48 ரூபாய். மட்கிய பொருள், மணிச்சத்து (பாஸ்பரஸ்), ஈரம் எல்லாம் கூடவே வருகின்றன, மறுக்கவில்லை. என்றாலும் ஐம்பது ரூபாய்ச் சத்துக்காகக் கிணற்றையும் மண்ணையும் பணயம் வைத்தேன் என்று நினைக்கும்போது மனது ஆறவில்லை.

எரு என்றால் எங்களுக்குப் புதிதல்ல. ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்பார்கள். எங்கள் அப்பாரு காலத்தில் கிடை போட்டால் எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் பட்டியை மாற்றுவது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. கிடை போட்டதும் உழுது மடக்கிவிடுவார்கள். ஆட்டுப் புழுக்கைக்கு இருந்த கணக்கு, மனிதக் கழிவுக்கு இல்லாமல் போனது எப்படி?

மனிதக் கழிவுக்குத்தான் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். அதில் வருவது நம் வயிற்றில் வாழும் புழு. உருண்டைப்புழுவின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சு பாதத் தோலைத் துளைத்தே உள்ளே போய், குடலில் ரத்தத்தை உறிஞ்சும். எங்கள் தோட்டத்தில் களை எடுக்க வரும் பெண்கள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குவதில்லை. அவர்களுக்கு வரும் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். பள்ளியில் குடற்புழு நீக்க நாள் என்று பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கிறோம். அந்தப் பெண்கள் எந்த மண்ணில் நின்று வேலை செய்கிறார்கள் என்பதையும் யாராவது பார்க்க வேண்டாமா?

பயிர் விஷயம் இன்னும் முக்கியம். தோப்பில் இறக்கிய அதே லாரி தோட்டத்திலும் இரண்டு முறை இறக்கியது. அடுத்த பட்டத்தில் அங்கே சின்ன வெங்காயம் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகுதான் படித்தேன். கழிவை ஊற்றி உழுது மூடிய நிலத்தில், மண்ணுக்குள் விளைவதை 38 மாதத்துக்கு அறுவடை செய்யக் கூடாது என்கிறது அந்த அமெரிக்க விதி. வெங்காயம், நிலக்கடலை, மரவள்ளி, மஞ்சள் எல்லாம் இதில் அடங்கும். கீரை, தக்காளி போல மண்ணைத் தொட்டு விளைபவற்றுக்கு 14 மாதம். மற்ற பயிர்களுக்கு 30 நாள். அங்கே கழிவைச் சும்மா ஊற்றவும் முடியாது. சுண்ணாம்பு கலந்து கார அளவை (pH) 12க்கு ஏற்றி அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் செலுத்த வேண்டும், அல்லது ஆறு மணி நேரத்துக்குள் உழுது மூடிவிட வேண்டும். குளிர் நாட்டு மாதக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் எது சரி என்று நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லட்டும். இன்று எந்தக் கணக்குமே இல்லை என்பதுதான் என் குறை.

போன வருடம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தேன். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம். என் கிணற்றில் அதைத் தாண்டியிருந்தது. காரணம் லாரிக் கழிவா, நான் போட்ட யூரியாவா, கிணற்றோரம் மாடு கட்டும் கட்டுத்தரையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முன்பு எவ்வளவு இருந்தது, எத்தனை லோடு இறங்கியது என்ற பதிவு எதுவுமே என்னிடம் இல்லை. கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. பக்கத்து வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. அவர்களும் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். இப்போது நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

லாரிக்காரர்களைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. நிலையம் தூரத்தில் இருந்தால் டீசல் செலவு அவர்கள் தலையில்தான் விழுகிறது. வீட்டுக்காரர் கொடுப்பதோ ஒரே தொகை. 2017இல் கருங்குழியில் மாநிலத்தின் முதல் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது, அதன்பின் பல ஊர்களில் வந்துவிட்டது. கிராமப்புறங்களுக்கும் எட்டும் தூரத்தில் வந்தால் யாரும் இருட்டில் தோட்டம் தேடி வரப்போவதில்லை.

என் கோரிக்கைக்கு வருகிறேன். சுத்திகரிக்காத கழிவை வயலில் இறக்கும் பழக்கம் நிற்க வேண்டும். நிற்கும்வரை காத்திருக்காமல், ஏற்கெனவே இறங்கிய நிலங்களைச் சர்வே எண்ணோடு ஊராட்சி வாரியாகப் பதிவு செய்யுங்கள். தானாக முன்வந்து சொல்லும் விவசாயிக்கு அபராதம் கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பதிவான நிலத்தின் மண்ணையும் சுற்றியுள்ள கிணறுகளையும் இலவசமாகப் பரிசோதியுங்கள். பட்டறைக் கழிவு கலந்திருந்தால் கன உலோகம் இருக்கும், அது வெயிலில் அழியாது, அதையும் பாருங்கள். இந்த நிலத்தில் இத்தனை மாதத்துக்கு வெங்காயம் வேண்டாம், தீவனமும் வேண்டாம், சவுக்கு வைக்கலாம் என்று வேளாண் உதவி அலுவலர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கொடுங்கள். அப்புறம், நிலையத்தில் காய வைத்த கசடை எங்களுக்கு உரமாகக் கொடுப்பதாக இருந்தால், எவ்வளவு நாள் வைத்திருந்து கொடுக்கிறீர்கள் என்பதையும் சீட்டில் எழுதுங்கள். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பு வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2006இலேயே சொல்லியிருக்கிறது. காய்ந்து பொடியாகிவிட்டது என்பது மட்டும் போதாது.

பதிவேட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் என் நிலத்தை எழுதிக்கொள்ளுங்கள். பட்டா நகலும் தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். லாரி எந்த வரிசையில் இறக்கியது, எந்த வரிசைக்கு வரவே இல்லை என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, நானே கூட வந்து காட்டுகிறேன். மண் எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் ஐப்பசிக்கு முன் அனுப்புங்கள். மழை பிடித்துவிட்டால் எங்கள் இட்டேரியில் வண்டி வராது.

இப்படிக்கு,
கோவை மாவட்டத்துத் தென்னை விவசாயி ஒருவர்