28,500 ரூபாய் ஐஸ் பெட்டியும் உங்கள் ‘யூசேஜ் இஷ்யூ’வும்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (பெயர், பில் எண், போன் எண் எல்லாம் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன),
மதுரை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: மூடி பொருந்தாத கூலர் பெட்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆங்கிலத்தில் மெயில் அனுப்பிப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் “உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்” என்று ஒரே பதில், ஒரு எழுத்து மாறாமல். போன் செய்தால் பாட்டு கேட்கிறது. அதனால் தமிழில் ஒரு கடிதமாகவே எழுதுகிறேன். மேலே இருக்கும் யாராவது ஒருவர் இதைக் கடைசி வரை படித்தால் போதும்.

விஷயம் சின்னதுதான். பெட்டியின் மூடியில், கீல் பக்கத்து இடது மூலையில், இறுக்கி அடைக்கும் ரப்பர் பட்டை, அதாவது கேஸ்கட், உட்காரவில்லை. பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்து மூடியைப் பூட்டி இழுத்தால், மற்ற இடங்களில் நோட்டு கிழிந்துவிடும் போலப் பிடித்துக்கொள்கிறது. அந்த மூலையில் மட்டும் தொட்டதும் வெளியே வருகிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினால், அதே இடத்தில் ஒரு கோடு வெளிச்சம் தெரிகிறது. வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். குளிர் எந்த வழியாகப் போகிறது என்று ஐஸ் பெட்டி விற்கிற உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா? வீடியோவைப் பார்த்த பிறகும் “ஐஸை எப்படி அடுக்கினீங்க மேடம்?” என்றுதான் கேட்கிறார்கள்.

நான் விளம்பரம் பார்த்து ஏமாந்து வாங்கியவள் அல்ல. மதுரையில் மருந்துக் கடை நடத்துகிறேன். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காப்பாற்றுவது என் அன்றாட வேலை. மொத்த வியாபாரியிடமிருந்து அது தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக்கோடு வரும். வந்தவுடன் கையை வைத்தே சரக்கு ஒழுங்காக வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். எனவே கேம்பிங்குக்கு ஒரு பெட்டி வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது நன்றாகவே யோசித்தேன். கடைத்தெருவில் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கும் பெட்டி, சுவர் மெல்லிசு, பெரும்பாலும் மூடிக்குள் ஃபோமே இருக்காது, வெறும் காற்றுதான். உங்கள் பெட்டியில் இணைப்பே இல்லாமல் ஒரே வார்ப்பில் செய்த ஓடு, 5 சென்டிமீட்டர் பாலியூரித்தேன் ஃபோம், ஃப்ரீசரில் இருப்பது போன்ற கேஸ்கட். இந்த மூன்றுக்கும்தான் பத்து மடங்குக்கு மேல் விலை. அதில் மூன்றாவது வேலை செய்யாவிட்டால் முதல் இரண்டும் வெறும் கனம். காலிப் பெட்டியே பத்துக் கிலோவுக்கு மேல்.

பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கார் ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று என் கணவர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். நாங்கள் போக நினைத்தது கொழுக்குமலைக்கு. அது தேனி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளப் பக்கம் சூரியநெல்லி போய், நம் காரை அங்கேயே விட்டுவிட்டு, ஜீப்பில்தான் ஏற வேண்டும். அங்கே ஃபிரிட்ஜை எதில் சொருகுவது? மின்சாரம் இல்லாத இடத்துக்கு நல்ல ஐஸ் பெட்டிதான் சரி. அந்த முடிவு இன்றைக்கும் சரியான முடிவுதான். நீங்கள் சொன்னதில் பாதியாவது அந்தப் பெட்டி செய்திருந்தால்!

புறப்படும் முன் உங்கள் கையேட்டில் உள்ளதை வரிக்கு வரி செய்தேன். முதல் நாள் ராத்திரியே பெட்டிக்குள் ஐஸ் போட்டு உள்சுவரைக் குளிர வைத்தேன். காலையில் அதைக் கொட்டிவிட்டு, ஐஸ் கம்பெனியிலிருந்து பார் ஐஸ் வெட்டி வாங்கி வந்து வைத்தேன். உடைத்த ஐஸைவிடப் பார் ஐஸ் மெதுவாகக் கரையும் என்பது மீன் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு சாமான். பால், தயிர், மசாலா தடவிய கோழி, தோசை மாவு எல்லாமே ஃபிரிட்ஜிலிருந்து நேராக இதற்குள் போயின. போடி வரை மே மாத வெயில், சரி. அப்புறம் போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவு தாண்டினால் காற்றே வேறு. கொழுக்குமலை கிட்டத்தட்ட 7,900 அடி உயரம். சாயங்காலம் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. ஐஸ் பெட்டிக்கு இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா?

வெள்ளிக்கிழமை காலையில் போட்ட ஐஸ் சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர். கடையிலிருந்து கொண்டு போன டிஜிட்டல் தெர்மாமீட்டர் 14 டிகிரி காட்டியது. குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. கோழியை மண்ணைத் தோண்டிப் புதைத்தோம். தயிர் புளித்து நாறியது. தோசை மாவு பொங்கித் தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு பெட்டி முழுக்க வழிந்து கிடந்தது. ராத்திரி எல்லோருக்கும் பிஸ்கட்டும் கட்டன் சாயாவும்தான். இதில் பெரிய கொடுமை, என் கொழுந்தன் மீன் மார்க்கெட்டில் வாங்கி வந்த தெர்மாகோல் பெட்டி. சுற்றிலும் டேப் ஒட்டியது, இன்னும் மீன் வாடை போகாதது. அதில் மறுநாள் காலையிலும் ஐஸ் இருந்தது. “என்ன மதினி, 28 ஆயிரமும் கரைஞ்சு போச்சா?” என்று அவர் கேட்டதை இன்று வரை வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் மாமனார் இனிமேல் எந்த மலைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பம் மொத்தமும் பல வருஷமாகப் பேசிப் பேசி ஆசைப்பட்ட பயணம் அது. அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

இப்போது உங்கள் கஸ்டமர் கேர் பற்றி. அதிலும் குறிப்பாக ஒருவரைப் பற்றி. பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே, “மேடம், இது பிரீமியம் புராடக்ட். பீர், கூல் டிரிங்ஸ், மீட் வைக்கிறதுக்கு. தோசை மாவுக்கெல்லாம் இல்ல” என்றார். அதோடு விட்டாரா? “மாவு புளிக்கும்போது சூடு வரும். அதுலதான் ஐஸ் கரைஞ்சிருக்கும். இது யூசேஜ் இஷ்யூ.”

ஐயா, 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ் கரைய 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு தூக்கு மாவு புளித்து அத்தனை கிலோ ஐஸைக் கரைத்தது என்றால், நம் ஊரில் அடுப்பே வேண்டாம், மாவை வைத்தே சமைத்துக்கொள்ளலாம். ஐஸ் கரைந்ததால்தான் மாவு பொங்கியது. குளிரில் இருந்திருந்தால் அது பேசாமல் கிடந்திருக்கும். இதைச் சொன்னேன். “நீங்க டெக்னிகலா பேசாதீங்க மேடம், எங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். தெரிந்தவர்கள் செய்கிற வேலையா இது?

அவருக்கு முன்னால் பேசிய ஒரு பெண் நல்ல மாதிரி. பாவம், அவருக்கு அதிகாரம் இல்லை போலிருக்கிறது. புது கேஸ்கட் அனுப்பச் சொல்கிறேன் என்றார், வந்தது. பிரித்துப் பார்த்தால் அது இதைவிடப் பெரிய மாடலுக்கானது, ஒரு முழம் மிச்சம் தொங்குகிறது. எங்கள் தெரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் மூடியின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்தார். “அக்கா, ரப்பர்ல ஒண்ணுமில்ல. மூடியே அந்த மூலையில வளைஞ்சிருக்கு. எந்த ரப்பர் போட்டாலும் உட்காராது” என்றார். வார்ப்பிலிருந்து எடுத்து ஆறும்போது வளைந்திருக்கலாம் என்பது அவர் கணிப்பு. ஒரு ஸ்கேலை வைத்து அவர் கண்டுபிடித்ததை உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஏன் கண்டுபிடிக்கவில்லை?

சென்னைக்கு வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. “நேரில் கொண்டு வந்தால் உடனே பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்” என்று உங்கள் மெயில்தான் சொன்னது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, வைகை எக்ஸ்பிரஸில், பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியை மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு வந்தேன். எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்து அம்பத்தூர் போய்ச் சேர்ந்தால், அது சர்வீஸ் சென்டரே இல்லை, குடோன். ரிசீவிங் நேரம் மதியத்தோடு முடிந்துவிட்டதாம். சரி, உள்ளே வைத்துவிட்டாவது போகிறேன் என்றேன். “ஒரிஜினல் அட்டைப்பெட்டி இல்லாம வாங்க மாட்டோம்.” ஐஸ் பெட்டிக்கு அட்டைப்பெட்டி! அப்படி ஒரு விதி இருப்பதாக மெயிலில் ஒரு சொல் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். உங்கள் ஆட்கள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அதே பெட்டியோடு ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் சார்ஜும் வாங்கினார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாடல் பெயரில் ‘45’ என்று இருக்கிறது. எல்லோரும் லிட்டர் என்றுதான் நினைப்போம். ஒரு லிட்டர் ஜக்கால் தண்ணீர் ஊற்றி அளந்தேன், 36 லிட்டருக்கு மேல் கொள்ளவில்லை. கேட்டால் “அது மாடல் நம்பர்தான் மேடம்” என்கிறார்கள். ஐஸ் ஏழு நாள் தாங்கும் என்று உங்கள் விளம்பரம் சொல்லும் ‘7 நாள் ஐஸ்’ பற்றிக் கேட்டால், பெட்டி முழுக்க ஐஸ் நிரப்பி, ஒரு தடவைகூடத் திறக்காமல், கட்டுப்படுத்திய வெப்பநிலையில் சோதித்த கணக்காம். அதை விளம்பரத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்களேன்! முழுக்க ஐஸ் போட்டுத் திறக்காமல் வைத்திருக்க நான் என்ன ஐஸ் கம்பெனியா நடத்துகிறேன்? ஏழு நாள் வராது என்பது எனக்கும் தெரியும். மூன்று நாள் வந்திருந்தாலே வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. பெட்டியின் வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. தாழ்ப்பாள், கைப்பிடி, தண்ணீர் வடியும் துளையின் திருகு, எல்லாம் உறுதி. சரியான மூடி இருந்தால் பத்து வருஷம் உழைக்கும் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். இப்போதும் என் கடைக்கு வருகிறவர்கள் “இதை வாங்கலாமா அக்கா?” என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் இணையதளத்தில் நேரடியாக வாங்கிய பொருள் இது. 2020 மின்வணிக விதிகளின்படி, குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அந்த ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நான் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட இடம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இனி நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை வர வேண்டியதில்லை, நீங்கள்தான் மதுரைக்கு வர வேண்டியிருக்கும். ‘7 நாள்’ விளம்பரத்தைப் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாக எழுதுவேன். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டுத்தான் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

தயவுசெய்து அந்த அளவுக்குக் கொண்டு போக வேண்டாம். நான் கேட்பது இதுதான்: மூடி சரியாக உட்காரும் வேறு பெட்டி, அனுப்பும் முன் நோட்டு வைத்துச் சோதித்த வீடியோவுடன். அது முடியாதென்றால் 28,500 ரூபாயும், சென்னை வந்து போன செலவும். கேஸ்கட் மட்டும் மறுபடி அனுப்பினால் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். தள்ளுபடிக் கூப்பன், பரிசாக ஒரு தண்ணீர் பாட்டில் என்று எதுவும் வேண்டாம். ‘யூசேஜ் இஷ்யூ’ என்று என் கணக்கில் எழுதி வைத்திருப்பதை அடித்துவிட்டு, ‘உற்பத்திக் குறை’ என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால், நாளைக்கு மூடிக்கு வேறு ஏதாவது ஆனால், அந்த ‘யூசேஜ் இஷ்யூ’வைக் காட்டியே வாரண்டி இல்லை என்பீர்கள்.

பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்பினால் காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை கடையில் இருப்பேன், மறுபடி ஐந்து மணிக்கு மேல். இடையில் ஷட்டர் இறக்கியிருக்கும். வருகிறவர் முந்தைய நாளே போன் செய்துவிட்டு, எடுத்துக்கொண்டதற்கு ரசீதும் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: பில் நகல், டார்ச் வீடியோவும் நோட்டு வீடியோவும் உள்ள பென் டிரைவ், 14 டிகிரி காட்டும் தெர்மாமீட்டரின் படம், வைகை எக்ஸ்பிரஸ் டிக்கெட் நகல், பஸ் லக்கேஜ் ரசீது.