தோட்டம் நவம்பரில் தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் வந்ததும் உங்கள் பத்திரிகையில் வீட்டுத்தோட்டம் பற்றிப் போடுகிறீர்கள். மிளகாய்க் கன்றை எப்போது வெளியே வைப்பது, பூசணிக்கு எவ்வளவு இடம் விடுவது என்று எல்லாம் வரும், நானும் விடாமல் வாசித்து, வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் லண்டனில் அலொட்மென்ட், அதாவது வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு, வைத்திருக்கும் எங்களுக்கு அது ஐந்து மாதம் பிந்தி வருகிறது. இங்கே தோட்டம் தொடங்குவது நவம்பரில். மண் கொத்துவதைத்தான் சொல்கிறேன். அதைப் பற்றித் தமிழில் நான் எங்கும் வாசித்ததில்லை, அதனால்தானோ என்னவோ, வருடக்கணக்காகக் காத்திருந்து இலையுதிர் காலத்தில் துண்டு கிடைக்கிற நம் ஆட்கள் "குளிர் போகட்டும், பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தோட்டத்திலேயே இது நடந்தது. ஒரு இளம் குடும்பம், நம்மவர்கள்தான், நான்கு வருடம் காத்திருந்து அக்டோபரில் துண்டு கிடைத்தது. திறப்பை வாங்கிக்கொண்டு ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்தது ஏப்ரல் கடைசியில், பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு தக்காளிக் கன்று. புல் முழங்காலுக்கு மேல் நின்றது. இரண்டு மூன்று சனிக்கிழமை இழுத்துப் பார்த்தார்கள், மேமாத வெயிலுக்கு மண் அதற்குள் செங்கல்லாகிவிட்டது, மண் கிளறும் ஃபோர்க்கின் பல் உள்ளே இறங்கவே இல்லை. ஜூலையில், துண்டு பராமரிக்கப்படவில்லை என்று கடிதம் வந்தது, விட்டுவிட்டுப் போனார்கள். திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளை கண் கலங்கி நின்றது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது. நவம்பரில் நானாவது போய், வாங்கோ, சேர்ந்து கொத்துவோம் என்று சொல்லியிருக்கலாம்.

ஒரு முழு அலொட்மென்ட் என்பது பழைய நில அளவுக் கணக்கில் பத்து ரொட். ரொட் என்றாலும் பேர்ச் என்றாலும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஆக இந்த ஊர்க்காரர் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று வகுத்த நிலமும் நம்மூரில் காணி உறுதியில் எழுதுகிற ஒரு பரப்பும் ஒரே அளவு, ஏறத்தாழ 250 சதுர மீட்டர். இது தெரியவந்த அன்று எனக்கு இந்த இடம் அந்நியமாக இருந்தது போய்விட்டது. இப்போது பல இடங்களில் பாதியாகப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். எனக்குக் கிடைத்ததும் அரைப் பரப்பு.

நான் இருப்பது வடமேற்கு லண்டனில். இந்தப் பக்கத்து மண் களிமண். மேலே பழுப்பு, ஆழமாய்க் கிண்டினால் நீலம் கலந்த சாம்பல் நிறம். ஈரத்தில் ஸ்பேட்டால், அதுதான் இங்கத்தைய தட்டை மண்வெட்டி, வெட்டினால் வெட்டுமுகம் சவர்க்காரக் கட்டியை அறுத்தது போல மினுங்கும். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் செம்மண்ணில் வளர்ந்த எனக்கு இது மண்ணா என்றே முதலில் தோன்றியது. செம்மண்ணில் மழை விட்டு மறுநாளே இறங்கிக் கொத்தலாம், கால் கழுவினால் போய்விடும். இது சப்பாத்தோடு வீட்டுக்கு வரும், ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ.

பக்கத்துத் துண்டில் இருந்த ஆங்கிலேயப் பெரியவர்தான் முதல் பாடம் சொன்னார். கட்டிகளை உடைக்காதே, புரட்டி அப்படியே போடு, மிச்சத்தை உறைபனி பார்த்துக்கொள்ளும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் யோசித்தால் இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள், கோடையில் உழுது போட்ட கட்டியை வெயில் காய்ச்சி உதிர்க்கிறது. இங்கே அந்த வேலையைக் குளிர் செய்கிறது. களிக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கிறது, கட்டியை உள்ளிருந்தே விரிக்கிறது, உருகும்போது வெடிப்பு நிற்கிறது, அடுத்த இரவு மறுபடியும். டிசம்பரில் தலை அளவு கட்டியாக விட்டு வந்த வரிசையை பெப்ரவரி கடைசியில் போய்ச் சப்பாத்து நுனியால் தட்டினேன், பிட்டுக்குக் குழைத்த மா மாதிரி உதிர்ந்தது. கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெயிலில் நின்று கட்டி தட்டிய அப்பாவுக்கு இதைக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் வரிசையை ஸ்பேட் ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணைத் தள்ளுவண்டியில் துண்டின் மறு கோடிக்குக் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும். கிடைத்த பள்ளத்தில் உக்கிய எருவைப் போட்டு, அடுத்த வரிசையை வெட்டி அதன் மேல் புரட்ட வேண்டும், இப்படியே பின்னுக்குப் பின்னுக்குப் போனால் கடைசிப் பள்ளத்தை முதலில் குவித்த மண் மூடும். ஊரில் பூவரசங்குழையும் கிளிசிரிடியாவும் மண்ணுக்குள் புதைத்துத் தாழ்ப்பது போலத்தான், குழைக்குப் பதிலாக இங்கே குதிரைச் சாணம். பீன்ஸ் போடப் போகிற வரிசையில் நான் சமையலறைக் கழிவையும் தாழ்ப்பேன். ஒவ்வொரு புரட்டலிலும் குனிந்து வேர் பொறுக்க வேண்டும், இதுதான் நேரம் எடுக்கிற வேலை. கவுச் கிராஸ் என்று ஒரு புல், வேர் வெள்ளை வெளேரென்று நூல்கயிறு மாதிரி ஓடும், நுனி ஊசி போல உருளைக்கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். ஒரு அங்குலம் மண்ணில் விட்டாலும் முளைக்கும். பைண்ட்வீட் என்ற கொடிக்களையின் வேர் இன்னும் தடிப்பு, தொட்டாலே முறியும், அதற்கு ஸ்பேட் கூடாது, ஃபோர்க்கால் தளர்த்தி முழுசாக உருவ வேண்டும்.

கஷ்டங்களையும் சொல்லத்தான் வேண்டும். டிசம்பர் நடுவில் இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், காலையில் எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது சனி, ஞாயிறு மட்டும், அதிலும் பாதி நாள் மழை. மழை பெய்த களியில் இறங்கவே கூடாது. சப்பாத்தில் மண் ஒட்டினால் திரும்பி வீட்டுக்குப் போ என்பது பெரியவர் சொன்ன இரண்டாவது பாடம், முதல் வருடம் ஆசையில் அதைக் கேட்காமல் நனைந்த மண்ணை மிதித்துக் கொத்தினேன், அந்த மூலை அடுத்த இரண்டு கோடையும் தார் ரோடு போல இறுகிக் கிடந்தது. இப்போது நீளப் பலகை ஒன்று போட்டு அதன் மேல் நின்றுதான் வேலை. தண்ணீர்க் குழாயைக் குளிர்காலம் முழுக்க அடைத்துவிடுவார்கள், உறைந்து வெடிக்கும் என்பதற்காக, கை கழுவ ஒரு போத்தல் கொண்டுபோக வேண்டும். விரல் மரத்துப்போகும். முதுகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஆனால் அதற்கு வழி இருக்கிறது: சிறு சிறு கட்டியாக வெட்டுங்கள், முழங்காலை மடக்கித் தூக்குங்கள், ஒரு நாளைக்கு மூன்று வரிசைக்கு மேல் வேண்டாம். முழுத் துண்டையும் ஒரே குளிர்காலத்தில் முடிக்கத் தேவையில்லை. முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு கொத்தினேன், மிச்சத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் கல் வைத்தேன், வெளிச்சம் இல்லாமல் புல் பாதி செத்துவிடும்.

எரு விஷயத்தில் நான் பட்டதை மற்றவர்கள் படக்கூடாது. ஒரு குளிர்காலம் குதிரைச் சாணம் ஒரு லோட் வாங்கி மூன்று சனிக்கிழமை தாழ்த்தேன். ஜூனில் தக்காளி இலையெல்லாம் சுருண்டு, பன்னம் செடிக் கொழுந்து மாதிரி வந்தது, பீன்ஸும் அப்படியே. மேய்ச்சல் புல்லுக்கு அடிக்கிற அமினோபைராலிட் என்ற களைகொல்லி, குதிரை தின்ற காய்ந்த புல்லோடு சாணத்துக்குள் வந்து அழியாமல் கிடக்கிறது. 2008இல் இங்கிலாந்தில் நிறையத் தோட்டங்கள் இப்படிக் கெட்டன. இப்போது எரு வந்தால் முதலில் ஒரு சாடியில் மண்ணோடு கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டுப் பார்ப்பேன், இலை நேராக வந்தால்தான் தோட்டத்துக்குள் போகும். இதைச் செய்யாமல் யாரும் எருவைத் தாழ்க்க வேண்டாம், தயவுசெய்து.

இவ்வளவு கஷ்டத்துக்கும் ஏன் போகிறேன் என்று கேட்டால், அந்த நேரத்துத் தோட்டம் வேறு இடம். ஆட்கள் இல்லை, காற்று சுத்தம், மூச்சு வெள்ளையாக வெளியே வரும், பத்து நிமிடம் கொத்தியதும் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிடுவேன். இரண்டாவது கட்டி புரளுவதற்குள் ராபின் குருவி வந்துவிடும். கையெட்டும் தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும், நான் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தால் உடனே பள்ளத்துக்குள் குதித்து மண்புழுவை எடுத்துக்கொண்டு போகும், சிலவேளை நட்டு வைத்த ஃபோர்க்கின் பிடியிலேயே உட்கார்ந்து பாடும். ராபினில் குளிர்காலத்தில் பெண் பறவையும் தன் எல்லையைக் காத்துப் பாடுமாம், எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்தும் ஏதாவது வரும். வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் துண்டுகள், விரல் நீளம், நடுவில் ஊசித் துளை. எனக்கு முன்னே இதே மண்ணில் யாரோ குனிந்து நிமிர்ந்து வாயில் புகைக்குழாயோடு வேலை செய்திருக்கிறார். பதினேழு துண்டு சேர்த்து ஒரு ஜாம் போத்தலில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் லீக்ஸ், பெரிய வெங்காயத்தாள் மாதிரி ஒரு மரக்கறி. ஊரில் நுவரெலியாவிலிருந்து வந்து வாடிக் கிடக்கும் லீக்ஸைத்தான் கண்டிருக்கிறேன். இங்கே ஜனவரியில், மேல் மண் அப்பளம் போல உறைந்து நொறுங்க, அடியில் ஃபோர்க்கை விட்டு நெம்பி எடுக்க வேண்டும், இழுத்தால் முறிந்துவிடும். வீட்டுக்கு வந்து பச்சைமிளகாய், கருவாட்டுத் துண்டு, கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டு வதக்கினால் அந்தக் குளிர் எல்லாம் மறந்துபோகும். உள்ளியும் இப்போதே ஊன்ற வேண்டியதுதான், சில வாரம் நல்ல குளிர் பட்டால்தான் பல் பல்லாகப் பிரியும். பிராட் பீன்ஸையும் நவம்பரில் போட்டால் ஜூன் தொடக்கத்தில் காய் பறிக்கலாம்.

கொத்தாமலே தோட்டம் செய்யலாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். சாமர்செட்டில் சார்லஸ் டவுடிங் என்பவர் பல வருடங்களாக அப்படியே செய்து காட்டுகிறார், நிலத்தில் அட்டை விரித்து மேலே கொம்போஸ்ட். அது சரியான வழிதான், என் துண்டிலும் இரண்டு பாத்தி அப்படி இருக்கிறது. ஆனால் அரைப் பரப்புக்கு ஆறு அங்குலம் போட 19 கன மீட்டர் வேண்டும், அதை வாங்கக் கையில் காசு இல்லாதவருக்கு ஸ்பேட்டும் உறைபனியும் இருக்கின்றன.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த வருடம் தோட்டப் பக்கத்தை நவம்பரிலும் ஒருமுறை போடுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், படமும் எடுத்துத் தருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் புதிதாகத் துண்டு கிடைத்த யாராவது இதை வாசித்தால், கிறிஸ்மஸுக்கு முன் ஒரே ஒரு சனிக்கிழமை போய் மூன்று வரிசை கொத்தி விடுங்கள், பெப்ரவரியில் போய்க் காலால் தட்டிப் பாருங்கள்.

எனக்கு இன்னும் ஏழு வரிசை மிச்சம். இன்று மழை இல்லை, பலகையும் காய்ந்திருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
வடமேற்கு லண்டன்