பிளைத்பர்க் வானதூதர்களைச் சுட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பிளைத்பர்க் தேவாலயத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், கூரையில் உள்ள மர வானதூதர்களின் உடலில் ஈய ரவைகள் பதிந்ததற்கு வில்லியம் டௌசிங்கின் ஆட்களே காரணம் என்று அதில் எழுதியிருப்பது சரியன்று.

டௌசிங்குக்காக வாதாட நான் வரவில்லை. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றத் தரப்பின் ஆணையைப் பெற்று, கேம்பிரிட்ஜ், சஃபோக் பகுதிகளின் தேவாலயங்களில் உருவங்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் அழிக்கச் செய்தவர் அவர். 1644 ஏப்ரலில் பிளைத்பர்க்குக்கு வந்து, இருபதுக்கும் மேற்பட்ட வானதூதர் உருவங்களை இறக்கிவிட உத்தரவிட்டதைத் தம் நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார், சுட்டதாக எழுதவில்லை. மரத்தில் கிடைத்த ரவைகளோ அவர் காலத்துக்குப் பிந்தியவை. 18ஆம் நூற்றாண்டில், உள்ளே புகுந்து தொல்லை கொடுத்த ஜாக்டா என்னும் சிறு காக்கைகளைச் சுடுவதற்குத் தேவாலயப் பொறுப்பாளர்கள் செலவழித்த பணம் கணக்கேட்டில் பதிவாகியிருக்கிறது. குறி தப்பிய ரவைகள்தாம் தூதர்களின் மேல் பாய்ந்தன.

டௌசிங் உத்தரவு போட்டும் தூதர்கள் தப்பியதற்குக் கூரையின் அமைப்பே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். 15ஆம் நூற்றாண்டுக் கட்டடமான இதில், மக்கள் அமரும் கூடத்தையும் பீடப் பகுதியையும் பிரிக்கும் வளைவு கிடையாது. சரிவு மிகக் குறைந்த ஒரே கூரை இரண்டின் மேலும் தடையின்றி ஓடுகிறது. அதன் நடுவில், மிக உயரத்தில், முதுகோடு முதுகு ஒட்டிச் சிறகு விரித்த தூதர்களை இறக்குவதென்றால் சாரம் கட்டியாக வேண்டும். அந்தச் செலவை ஒரு சிற்றூர் எளிதில் ஏற்றிருக்குமா?

1577 ஆகஸ்ட் 4ஆம் நாள் புயலில் கோபுரத்தின் கூர்முடி கூரையைப் பிளந்துகொண்டு விழுந்ததைக் கட்டுரையாளர், அப்போது தேவாலயத்துக்குள் பாய்ந்ததாகச் சொல்லப்படும் கறுப்பு நாயின் கதையோடு சேர்த்துச் சுவையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இதைவிடப் பெரிய பகை, நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த பராமரிப்பின்மை. ஆபத்தான நிலையில் இருந்ததால் 1881இல் தேவாலயத்தை மூடவே வேண்டியதாயிற்று. அதைப் புதுப்பிக்கும் முறை குறித்து, பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை 1877இல் தொடங்கிய வில்லியம் மாரிஸ் தரப்பு எழுப்பிய எதிர்ப்பைக் கட்டுரை தொடவே இல்லை.

ரவைகளைப் பற்றிய திருத்தத்தையேனும் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்