பதின்மூன்று நாளில் பீர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான பொருட்களை எங்கள் லண்டன் கடையில் வாங்கும் உங்களில் பலர், "வருகிற சனிக்கிழமை வீட்டில் விருந்து, அதற்குள் பீர் தயாராகுமா?" என்று கேட்கிறீர்கள். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுத்துவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அலுப்பூட்டுவதில் வியப்பில்லை. அடுத்த சனிக்கிழமைக்குப் போத்தல் பீர் ஆகாது; அதற்கடுத்த சனிக்கிழமைக்கு ஆகும். அதற்கான முறையை இம்மடலில் விளக்குகிறோம்.

முதலில், குளிரில் மெல்ல நொதிக்கும் லாகர் வகைப் பீரை மறந்துவிடுங்கள். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்குச் சேமித்து வைத்தல் என்றே பொருள். பல வாரம் குளிரில் கிடந்தால்தான் அது துப்புரவாகும். விரைவாகக் குடிக்க வேண்டுமானால் மிதமான சூட்டில் விரைவாக நொதிக்கும் ஏல் வகையில், மதுச்சத்து குறைந்ததே ஏற்றது. 10 லிட்டருக்கு 1.1 கிலோ உலர் மால்ட் சாறும் (முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றுத் தூள்), அரை மணி நேரம் கொதிக்கவிட கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூவில் கிழக்குக் கென்ட் கோல்டிங்ஸ் (East Kent Goldings) வகை 20 கிராமும் போதும். தண்ணீரை 1.000 எனக் கொண்டால் சாற்றின் தொடக்க அடர்த்தி ஏறக்குறைய 1.040 இருக்கும், இனிப்பு நொதித்து அது 1.010க்கு இறங்கினால் மதுச்சத்து 4 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

வேகத்தைத் தருவது, இனிப்பை மதுவாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்தான். நார்வேயின் மேற்குப் பகுதியில், வொஸ் போன்ற இடங்களின் பண்ணை வீடுகளில், மரவளையங்களில் உலர்த்தித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஈஸ்ட்டுக்கு க்வைக் என்று பெயர். வழக்கமான ஏல் ஈஸ்ட் 20 பாகை செல்சியஸைச் சுற்றியே நன்றாக வேலை செய்யும். சூடு ஏறினால் பீரில் வேண்டாத வாடை வந்துவிடும். வொஸ் க்வைக்கோ 35 முதல் 40 பாகை வரை சுத்தமாகவும், ஆரஞ்சுத் தோலின் மணம் மெல்ல வீசவும் நொதித்து, இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடுகிறது. கொதித்த சாற்றைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் சூட்டுக்கு ஆற்றினாலே போதும் என்பதால், ஆறவைக்கும் நேரமும் மிச்சம். ஆனால் நம் சமையலறையின் 18 பாகையில் அது சோம்பிவிடும். நொதிக்கும் வாளியை மின்சாரச் சூட்டுப் பட்டியால் கட்டி, கம்பளியால் போர்த்துங்கள். இவ்வளவு மெல்லிய சாற்றில் ஈஸ்ட்டுக்கு ஊட்டமும் போதாது. நாங்கள் விற்கும் காய்ச்சும் பொதியில் உள்ள ஊட்டத்தூளைத் தவறாமல் சேருங்கள்.

சனிக்கிழமை காய்ச்சினால் செவ்வாய்க்கிழமை நுரை அடங்கியிருக்கும். அவசரப்படுகிறவர்கள் தவறுவது இங்கேதான். நுரை அடங்கியதை வைத்து நொதித்தல் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. செவ்வாயும் புதனும் அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பாருங்கள். இரண்டு நாளும் ஒரே அளவு காட்டினால் மட்டுமே போத்தலில் அடையுங்கள். 1.010இல் நிற்க வேண்டியது 1.014இல் இருக்கும்போதே அடைத்தால், அந்த 0.004 வித்தியாசத்தில் எஞ்சிய இனிப்பு மட்டுமே, வாயுவுக்காக நாம் இடும் சர்க்கரை தருவதைவிடக் கூடுதலான வாயுவைத் தரும். சென்ற குளிர்காலத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் ஆறு போத்தல்கள் நள்ளிரவில் வெடித்தன. கதவு சாத்தியிருந்ததால் எவருக்கும் காயமில்லை. அடர்த்திமானியைப் பற்றி அழுத்திச் சொல்லாமல் பொதியை விற்றது எங்கள் தவறு.

போத்தலில் அடைக்கும்போது வாயுவுக்காக இட வேண்டிய சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், அதாவது அரை லிட்டர் போத்தலுக்கு 3 கிராம். ஒரு வாரம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அடுத்த புதன்கிழமை குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றினால், வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் நாள், குடிக்கலாம். பீப்பாயும், வாயுவை நேரடியாகச் செலுத்தும் உருளையும் வைத்திருப்பவர்களுக்கு ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே கைகூடும்.

பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. விற்பது வேறு கதை. தமிழ்நாட்டில் உள்ள உறவினருக்குப் பொதி அனுப்பச் சொல்லிக் கேட்கிறவர்கள் பொறுத்தருள வேண்டும். அங்கே வீட்டில் காய்ச்சுவது குற்றம் என்பதால் அனுப்புவதில்லை.

இம்மாதம் முதல் 10 லிட்டர் பொதியோடு அடர்த்திமானியையும் சேர்த்தே தருகிறோம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சொன்னால், அதன் விலையைக் கழித்துவிடுவோம்.

இப்படிக்கு,
கடையினர்