கொலைகாரியை விடுதலை செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்' ஆந்தாலஜி தொடரை, அதாவது திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் ஒவ்வொரு கதைக்கும் முன்னும் பின்னும் தாமே தோன்றிப் பேசும் தனித்தனிக் கதைகளின் தொடரை, உங்கள் செயலியில் ஏற்றியதற்கு முதலில் நன்றி. அதன் மூன்றாம் பருவத்தில் வரும் 'லேம்ப் டு தி ஸ்லாட்டர்' முடியும் முன்பே நீங்கள் அடுத்த கதைக்குத் தாவிவிடுவதைப் பற்றி உங்கள் புகார்ப் படிவத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்ற பதில், பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் வந்து சேர்ந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை என்பதால், அதே கோரிக்கையை இப்போது பொதுவில் வைக்கிறேன்: ஹிட்ச்காக் பேசி முடிக்கும்வரை தயவுசெய்து திரையைச் சுருக்காதீர்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தன்னை விட்டுப் போகப்போவதாகச் சொன்ன காவல் அதிகாரியான கணவனை, கருவுற்றிருக்கும் மேரி மலோனி, கல்லாக உறைந்து கிடந்த ஆட்டுத் தொடையால் பின்மண்டையில் ஒரே அடியில் சாய்க்கிறாள்; பிறகு அதை வேகவைக்க அடுப்பில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போய் வருகிறாள். கனமான ஆயுதம் ஒன்றைத் தேடி வீட்டைக் குடைந்து களைத்த போலீஸார், அவள் வற்புறுத்தியதால் அந்தக் கறியையே ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஆயுதம் தங்கள் மூக்குக்கு நேராகவேகூட இருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அடுத்த அறையில் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மேரிக்குச் சிரிப்பு வருகிறது. கொன்றவர் யார் என்பதைப் பார்வையாளர்களுக்கு முன்னதாகவே காட்டிவிட்டு, துப்பறிபவர்களை மட்டும் இருட்டில் வைத்திருக்கும் கதை இது. மேரியாக நடித்த பார்பரா பெல் கெடஸின் அந்த அடக்க முடியாத சிரிப்புக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சிக்கல் அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. திரை ஒரு கணம் கறுத்தவுடன் கதை முடிந்துவிட்டதாக உங்கள் மென்பொருள் எண்ணிக்கொள்கிறது போலும். படம் ஒரு மூலைக்கு ஒதுங்க, அடுத்த கதை ஐந்து நொடியில் தொடங்கும் என்ற அறிவிப்பு வந்துவிடுகிறது. ஆனால் கதை இன்னும் முடியவில்லை. ஹிட்ச்காக் மறுபடியும் தோன்றி, மேரி தன் இரண்டாவது கணவனையும் அதே முறையில் முடிக்கப் பார்த்ததாகவும், அந்த மறதிக்காரர் உறைபெட்டிக்கு மின்சார இணைப்புக் கொடுக்க மறந்துபோனதால் கறி கொழகொழவென்று கிடந்ததாகவும், அதனால்தான் அவள் அகப்பட்டாள் என்றும் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் சொல்ல வேண்டும். இந்தக் கதையின் ஆகச் சிறந்த நகைச்சுவை அதுதான். அதைத்தான் நீங்கள் வெட்டுகிறீர்கள்.

இதை ஏதோ வாலாக ஒட்டிய பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கதை ஒளிபரப்பான 1958இல், குற்றவாளி தண்டனையில்லாமல் தப்புவதைத் தொலைக்காட்சியில் காட்டுவது எளிதான காரியமல்ல. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பணிவதுபோல் பாவனை செய்தபடியே அதைக் கேலி செய்வதற்கு ஹிட்ச்காக் கண்ட வழிதான் இந்தப் பின்னுரைகள். ஜேம்ஸ் அலர்டைஸ் எழுத, ஹிட்ச்காக் தம் வாயால் சொன்ன இவை இல்லாமல் இந்தத் தொடரே இல்லை. அன்றைய ஒழுக்கக் காவலர்கள் எல்லாரும் சேர்ந்து மறுத்த விடுதலையை, நீங்கள் ஐந்தே நொடிகளில் மேரிக்கு வழங்கிவிட்டீர்கள். வழக்குகள் இழுத்துக்கொண்டே போகும் நாட்டில் இத்தனை விரைவான தீர்ப்பு பாராட்டுக்குரியதுதான்.

எங்கள் வீட்டில் இந்தத் தீர்ப்பைப் பெற்றவர் எழுபதைக் கடந்த என் பெரியம்மா. கைநடுக்கம் இருப்பதால் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சரியான பொத்தானை அழுத்துவதற்குள் ஐந்து நொடிகள் போய்விடும்; எனவே அவர் எதையும் அழுத்துவதில்லை. மேரியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று வேறு யாருடைய வீடோ திரையில் வந்து நின்றதும், "அப்போ அவ மாட்டிக்கவே இல்லையாடா?" என்று என்னைக் கேட்டார். உறைபெட்டியில் நடந்ததை நான் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொன்னா சிரிப்பு வரலையே" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த வேலைக்கென்று தொடரிலேயே ஒருவர் இருக்கிறார். அவரைப் பேசவிட்டால் போதும். பின்னோக்கி ஓட்டி மறுபடியும் போட்டபோதும், அதே இடத்தில் அதே அறிவிப்பு வந்து நின்றது.

ஆட்டோபிளேயை நிறுத்திக்கொள்ளலாமே என்பீர்கள். நிறுத்தியும் பார்த்தேன். அடுத்த கதை தானாக ஓடவில்லை, அது உண்மை. ஆனால் படம் அதே இடத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, மீதித் திரை முழுவதும் நான் விரும்பக்கூடியவை என்று நீங்கள் கருதுபவை வந்து நிரம்பிக்கொண்டன. தம் பருத்த உருவத்தின் கோட்டோவியத்தையே தொடரின் முத்திரையாக்கியவரை இந்த அளவுக்கு மெலிய வைத்த பெருமையும் உங்களையே சேரும்.

இத்துடன் நிறுத்திக்கொள்ள நினைத்தேன். ஆனாலும் 'முன்னுரையைத் தவிர்' என்ற பொத்தானைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹிட்ச்காக் தம்முடைய விளம்பரதாரர்களையே கிண்டலடிக்கும் அந்த முன்னுரைகளைத் தவிர்ப்பதற்கு வழி செய்து தருகிறீர்கள். நடுவில் நீங்கள் செருகும் விளம்பரங்களைத் தவிர்ப்பதற்குத்தான் வழி எதுவும் இல்லை. போலீஸார் கறியை மென்றுகொண்டிருந்த வேளையில் வீடு தேடி வரும் பிரியாணிக்கான விளம்பரம் வந்ததை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஹிட்ச்காக் அதை ரசித்திருப்பார். கதாபாத்திரம் பேசும் வாக்கியத்தின் பாதியில் விளம்பரம் நுழைவதையும், இறுதிப் பெயர்ப் பட்டியலை நேயர்களின் எதிரியாக நடத்துவதையும் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடலுக்கு முடிவு இராது. கச்சேரியில் மங்களம் பாடுவதற்குள் மைக்கை அணைத்துவிட்டு அடுத்த வித்வானை மேடையேற்றும் சபாவை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் நாங்கள் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய மாற்றமல்ல. கதை எந்த நொடியில் முடிகிறது என்பதை மென்பொருளின் ஊகத்துக்கு விடாமல், ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொடுத்தால் போதும். அரை மணி நேரத்துக்கும் குறைவான கதைகள் இவை. பார்ப்பவருக்கு அது தண்டனையாகவும் இருக்காது. தொடர் முழுவதற்கும் உடனே இயலாது என்றால், ஹிட்ச்காக் தாமே இயக்கிய 17 கதைகளிலிருந்து தொடங்குங்கள். மேரியின் கதையும் அவற்றுள் ஒன்றுதான். அதுவரை, இந்தத் தொடருக்கு மட்டுமாவது ஐந்து நொடி அறிவிப்பை நிறுத்திவைத்து, பின்னுரை முடியும்வரை திரையை முழு அளவில் விட்டுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்முறை பதிலை மனிதர் ஒருவர் எழுதினால், எத்தனை நாள் தாமதமானாலும் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
சந்தாவைத் தவறாமல் செலுத்திவரும் ஒரு நேயர்