கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது, அந்த கன்வெர்ட்டரை எடுத்துட்டு நேர் பைப் வச்சுடுங்க." பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு மெக்கானிக்காக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அவர்கள் சொல்வது, இன்ஜின் புகையில் இருக்கும் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை.

சைலன்சருக்கு முன்னால் இருக்கும் அந்த எவர்சில்வர் உறையை அறுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். விளக்குக்கு நேரே பிடித்தால் ஆயிரக்கணக்கான துளைகளிலும் வெளிச்சம் தெரியும். அந்தத் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்களைப் பூசியிருக்கிறார்கள். (திருடர்கள் இதைக் குறிவைப்பது அதனால்தான்.) புகை இவற்றைத் தொட்டுப் போகும்போது கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆக்சிஜனை இழந்து வெறும் நைட்ரஜனாகும். சூடு 250, 300 டிகிரிக்கு ஏறினால்தான் இது நடக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்தவுடன் வரும் புகைதான் மோசமானது.

இந்தத் துளைகள் அடைத்துப் புகை வெளியேற முடியாமல் போனால் வண்டி இழுக்காது. சரி, கட்டி ஏன் அடைக்கிறது? தானாக அடைப்பது அபூர்வம். பிளக்கில் பொறி சரியாக வராவிட்டால் பெட்ரோல் எரியாமலே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பீங்கான் உருகித் துளைகள் மூடிக்கொள்ளும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தாலும் கசடு படியும். அதையெல்லாம் விட்டுவிட்டு கன்வெர்ட்டரை வெட்டி எறிவது, எய்தவன் இருக்க அம்பை நோவதுதான்.

நேர் பைப் வைத்தால் வண்டி நன்றாக இழுக்கும், நான் மறுக்கவில்லை. அடைப்பு போனதால் வரும் இழுவை அது. கோளாறைச் சரிசெய்து நல்ல கன்வெர்ட்டர் போட்டாலும் அதே இழுவை வரும். "கழற்றின பிறகும் புகையே இல்லையே" என்று வேறு கேட்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஓடும்போது இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குப் போகிறது என்று பெரும்பாலும் பொருள். ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், முடிந்த மட்டும் சீக்கிரம் நிறுத்திவிடுங்கள். முதலில் பிளக்கையும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்