ஓடைக்கரை வீடு

அல்சூர், பெங்களூரு
ஜூன் 23, 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ அனுப்பிய வீட்டுப் படங்களை மூன்று தடவை பார்த்தாயிற்று. சமையலறை ஜன்னலில் ஓடை தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்தப் படத்தை மட்டும் நான்காவது தடவையும் பார்த்தேன். போனில் சொன்னால் "ஆரம்பிச்சுட்டியா அம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு அழகுதான். அங்கே ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் அந்தப் பக்கத்து மற்ற வீடுகளைவிட விலையும் குறைவு என்கிறாய். அந்தக் குறைவுதான் எனக்கு உறுத்துகிறது. முப்பது வருஷம் வங்கியில் வீட்டுக் கடன் ஃபைல் பார்த்தவள் நான். காரணம் இல்லாமல் யாரும் விலையை இறக்கமாட்டார்கள். தரகர் "இரண்டு வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எந்த இரண்டு வருஷம் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல நான் பசிபிக் கடல் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதலில் நம் வீட்டுக் கதை. கூடத்தில் தொங்கும் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை, தெரியுமல்லவா. பின்பக்கத்தில் மழை பெய்ததா, காவேரித் தண்ணீர் வந்ததா, தரைக்கடித் தொட்டியான சம்பில் எவ்வளவு என்று எழுதி வைப்பேன். அப்பா பழைய ஒட்டடைக் கம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, சம்பு மூடியைத் திறந்து உள்ளே விட்டு, "ரெண்டு சாண்" என்று கத்துவார். நான் உள்ளிருந்து எழுதிக்கொள்வேன். சென்ற வருஷம் ஆகஸ்ட் தாள்களில் "மழை இல்லை", "மழை இல்லை" என்று வரிசையாக இருக்கிறது. நம் தெருவில்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். 1901 முதல் உள்ள பதிவில் நாட்டுக்கே மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான் என்று பிறகு செய்தி வந்தது. கர்நாடகத்தில் 236 தாலுகாக்களில் 223ஐ வறட்சி என்று அறிவித்தார்கள்.

அதன் வட்டி இந்த மார்ச்சில் வந்து விழுந்தது. நகரத்தில் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்று அரசாங்கமே சொன்னது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். நமக்குக் குழாய் இணைப்பு இருந்ததால் ஏதோ ஓட்டிவிட்டோம். ஆனாலும் இரண்டு தடவை டேங்கர் வாங்கினேன். இரண்டாவது தடவை அவன் கேட்ட விலையை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. ஏப்ரலில் ஒரு தூறல்கூட இல்லை. அப்புறம் ஜூன் 2ஆம் தேதி, ஒரே நாளில் 111 மில்லிமீட்டர்! 133 வருஷத்தில் ஜூன் மாதத்தில் ஒரு நாளில் இவ்வளவு பெய்ததில்லையாம். வாசலில் போட்ட கோலம் எதிர்வீட்டு வாசல் வரை ஓடியது.

சரி, பசிபிக்குக்கு வருகிறேன். நீ சின்னவளாக இருந்தபோது சூடான பாலை ஊதி ஊதி ஆற்றிக் கொடுப்பேன். ஊதினால் ஆடை எதிர்ப்பக்கம் போய்ச் சுருண்டு ஒதுங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டி பசிபிக்கின் மேல் வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று அப்படித்தான் ஊதிக்கொண்டிருக்கிறது. வெயிலில் சூடான மேல்தண்ணீர் எல்லாம் இந்தோனேசியா பக்கம் ஒதுங்கிக் குவிகிறது. அங்கே கடல் மட்டமே அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். மறுகோடியில், பெரு நாட்டுக் கரையில், ஒதுங்கிப் போன தண்ணீரின் இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். பாலில் அடியிலிருந்து வருவதும் சூடு, கடலில் வருவது குளிர். அது ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் சத்து அதிகம் என்பதால் பெருவில் நெத்திலி மீன் அள்ள அள்ளக் குறையாது.

வெதுவெதுப்பான கடல் இருக்கும் இடத்தில் காற்று ஈரத்தோடு மேலே ஏறும், மேகம் கட்டும், கொட்டும். ஏறின காற்று வேறு எங்காவது இறங்கித்தானே ஆகவேண்டும்? இறங்கும் இடத்தில் மேகம் தலைதூக்காது, பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல.

இரண்டு முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை, அந்த ஊதல் தளர்ந்துவிடுகிறது. ஒதுங்கி நின்ற ஆடை திரும்பி வருகிறது. சூடான தண்ணீர் நடுப் பசிபிக்குக்கும் பெரு பக்கத்துக்கும் நகர்கிறது. கடல் சூடானால் காற்று இன்னும் தளரும். காற்று தளர்ந்தால் கடல் இன்னும் சூடாகும். மழையும் கூடவே கிழக்கே போய்விடும். பெருவின் பாலைவனத்தில் வெள்ளம், மீனவர்கள் வலையில் ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் அந்த ஊர் மீனவர்கள்தான் அதற்கு எல் நினோ, குழந்தை ஏசு, என்று பேர் வைத்தார்கள். மேற்கே இந்தோனேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காற்று இறங்கி மூடி போடும். அந்த மூடியின் விளிம்பு பெரும்பாலும் நம் தலைக்கும் எட்டிவிடும்.

ஊதல் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தால் அது லா நினா, சிறுமி. சூடான தண்ணீர் மேற்கில் இன்னும் அழுத்தமாகக் குவியும். உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் மழை கூடும். இதற்கெல்லாம் அளவு என்ன தெரியுமா? நடுப் பசிபிக்கில் கடலின் மேற்பரப்பு சராசரியைவிட அரை டிகிரி ஏறி, சில மாதம் அப்படியே நின்றால் எல் நினோ. கையை விட்டுப் பார்த்தால் தெரியக்கூடத் தெரியாத அரை டிகிரி. ஆனால் அளக்கிற இடம் கிட்டத்தட்ட இரண்டு இந்தியா அகலத்துக்கு இருக்கிறது. அவ்வளவு தண்ணீரில் அரை டிகிரி என்றால் அதில் எவ்வளவு சூடு அடங்கியிருக்கும், பார்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று இதில் உண்டு. 1888இலேயே, நீ இப்போது இருக்கிற நாட்டில் சார்லஸ் டாட் என்ற வானியல் அதிகாரி, இந்தியாவின் பதிவேடுகளைத் தங்கள் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடுமையான வறட்சி இரண்டு நாட்டுக்கும் பெரும்பாலும் ஒரே சமயத்தில்தான் வருகிறது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம். என் பாட்டி "தாது வருஷத்துப் பசி" என்று சொல்வாரே, அதேதான். 1877இல் பசிபிக்கில் நின்ற எல் நினோ ரொம்பப் பெரியது.

பிறகு 1904இல் கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை நம் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். பருவமழை ஏன் பொய்க்கிறது என்று கண்டுபிடிப்பது அவருக்கு வைத்த வேலை. கணினி கிடையாது. இந்தியக் குமாஸ்தாக்களை உட்கார்த்தி, உலகம் முழுக்க உள்ள காற்றழுத்தக் கணக்கைப் போட வைத்தார். பசிபிக்கில் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது, தராசுத் தட்டு மாதிரி என்று கண்டார். பேர் அவருக்குப் போயிற்று, சரி. கூட்டிக் கழித்த குமாஸ்தாக்களின் பேர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. லெட்ஜர் எழுதியவளுக்கு அது உறுத்தும். அந்தத் தராசையும் கடலின் சூட்டையும் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் முடிச்சுப் போட்டது 1969இல்தான்.

போன வருஷத்தையே பார். இங்கே ஆகஸ்ட் காய்ந்தது. உங்கள் நாட்டிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அந்த மாதங்களில் இதுவரை பார்க்காத வறட்சி. நான் சம்பில் கம்பை விட்டுக்கொண்டிருந்தபோது நீ போனில் புல்வெளி கருகிவிட்டது என்றாய். இரண்டும் ஒரே கணக்கில் எழுதின பற்றுதான்.

மன்னார்குடியில் உன் மாமாவுக்கு இது வேறு விதமாக விடிந்தது. போன ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள், அக்டோபர் 10 மூடிவிட்டார்கள். குறுவையைக் காப்பாற்றவே பட்ட பாடு போதும் என்றார். இங்கே செப்டம்பரில் காவிரிக்காக பந்த். எனக்கு இரண்டு பக்கமும் வீடு. 1991 டிசம்பரில் நீ கைக்குழந்தை. பக்கத்து வீட்டு அஜ்ஜி நம்மை உள்ளே கூப்பிட்டு, "மாத்தாட பேடா", பேசாதே, என்று என் வாயைப் பொத்தியது நினைவிருக்கிறது. தமிழர்களுக்கு எதிரான அந்தக் கலவரம் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவால் மூண்டது, கடலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2002, 2012, 2016, 2023 என்று சண்டை மறுபடி கிளம்பிய வருஷங்களைப் பார்த்தால், எல்லாம் மழை ஏமாற்றின வருஷங்கள். குடகில் மழை நன்றாகப் பெய்து அணை நிரம்பிவிட்டால் காவிரி பற்றி யாரும் தெருவுக்கு வருவதில்லை. இந்த ஜூன் 12க்கு மேட்டூரைத் திறக்கவே இல்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு நீ ஒன்று கேட்பாய். எல் நினோ வருஷம் என்று சொன்ன போன டிசம்பரில் உங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் அன்று புயல் அடித்து மரம் விழுந்ததே என்று. நியாயம்தான். இது ஜாதகக் கணக்கு இல்லை. 1997இல் வந்தது நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் ஒன்று. ஆனால் நம் பருவமழை சராசரிக்குக் குறையவில்லை. நம் இந்துமாக்கடலிலேயே மேற்குப் பக்கம் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிராகவும் ஆகும் இன்னொரு ஊசல் இருக்கிறது. அந்த வருஷம் அது நமக்குக் கைகொடுத்தது. 2016இல் எல் நினோ முடிந்த பிறகும் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை படுத்துவிட்டது. இன்னும் ஒரு கூத்து: தென்மேற்கைக் கெடுக்கும் எல் நினோ, வடகிழக்குப் பருவத்துக்குப் பெரும்பாலும் நல்லதே செய்யும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் எல் நினோ வருஷத்தில்தான். போன வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று மூடின இரண்டே மாதத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே! எனவே அந்த அரை டிகிரி பகடையின் ஒரு பக்கத்தைக் கனமாக்குகிறது, அவ்வளவே.

ஆனால் பிரிஸ்பேன் நதி விஷயத்தில் அந்தக் கனம் நன்றாகவே தெரிகிறது. 1974 ஜனவரி, நகர அளவுகோலில் 5.45 மீட்டர். 2011 ஜனவரி, 4.46. 2022 பிப்ரவரி, 3.85. மூன்றும் லா நினா வருஷங்கள். 1974க்குப் பிறகு வைவன்ஹோ அணையைக் கட்டி, இனிமேல் பயமில்லை என்று கரையோரம் வீடு வாங்கியவர்கள் 2011இல் படகில் வெளியே வந்தார்கள். லா நினா 2020இல் தொடங்கி மூன்று வருஷம் விடாமல் நின்று, 2023 தொடக்கத்தில்தான் முடிந்தது. அதற்குப் பின்னால் எல் நினோ. உன் தரகர் சொல்லும் "இரண்டு வருஷம்" இப்போது புரிகிறதா? எல் நினோ இப்போதுதான் முடிந்தது. அடுத்து லா நினா வரலாம் என்று பேச்சு அடிபடுகிறது.

அதே 2022 செப்டம்பரில் இங்கே நடந்ததும் உனக்குத் தெரியும். கோடிக்கணக்கில் விலை போன வில்லாக்களில் சோபா மிதந்தது, ஐ.டி. பிள்ளைகள் டிராக்டரில் ஆபீஸ் போனார்கள். எங்கள் கிளையில் என்னோடு வேலை பார்த்த ஒருவரும் அங்கே வாங்கியிருந்தார். வாங்கியது ஒரு கோடைக்காலம். மனைக்குப் பின்னால் காய்ந்த பள்ளம் ஒன்று இருந்ததாம், குழந்தைகள் கிரிக்கெட் ஆடினார்களாம். அது இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருந்த "ராஜகாலுவே", பெரிய மழைநீர் வாய்க்கால். தண்ணீர் தன் பழைய வழியில்தான் வந்தது. லா நினா தண்ணீரைத் தரும், அதன் வழியில் சுவர் எழுப்பச் சொல்லி அது யாரையும் கேட்கவில்லை. கடன் ஃபைலில் அந்த மனைக்கு எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது.

ஆகவே பாப்பா, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு 2011இலும் 2022இலும் என்ன ஆயிற்று என்று கேள். உங்கள் மாநகராட்சியே மனை வாரியாக வெள்ள அறிக்கை இலவசமாகத் தருகிறது என்று பார்த்தேன். எடுத்துப் படி, அப்பாவுக்கும் அனுப்பு. 1974ஐயும் சேர்த்துப் பார். கார் நிறுத்தும் கொட்டகையில் அலமாரியை நகர்த்தி, சுவரின் அடிப்பகுதியைப் பார். புது பெயின்ட் இடுப்பு உயரத்துக்கு மட்டும் அடித்திருந்தால் எனக்கு உடனே போன் செய். காப்பீட்டுக்காரரிடம் வெள்ளத்துக்கு என்ன பிரீமியம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்; அந்தத் தொகையைக் கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அப்புறம், அந்தத் தெருவில் ரொம்ப நாளாகக் குடியிருக்கும் ஒரு பாட்டியைத் தேடிப் பிடித்து, ஒரு டப்பா முறுக்கோடு போய்ப் பேசு. தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

முறுக்கு பார்சல் புதன்கிழமை போட்டாயிற்று. மாப்பிள்ளைக்குக் காரம் குறைத்தது தனிப் பையில் இருக்கிறது. அப்பா இப்போதுதான் கம்பை விட்டுப் பார்த்தார். "நாலு சாண்" என்கிறார்.

அன்புடன்,
அம்மா